போனுக்குள் இருக்கும் எஃப்எம் ரேடியோவை இயக்குவது எப்படி?

பிளே ஸ்டோரில் ‘எஃப்எம் ரேடியோ’ என்று தேடினால் ஆப்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே நிலையங்களின் இணைய ஒலிபரப்பை நம் டேட்டா செலவில் கொண்டுவந்து தருபவை. காற்றில் வரும் எஃப்எம் அலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 29 எம்பி போகும். 128 கேபிபிஎஸ் என்றால் சுமார் 58 எம்பி. போனிலேயே பதிந்திருக்கும் எஃப்எம் ரிசீவருக்கு டேட்டா வேண்டாம், சிம் வேண்டாம், பக்கத்தில் செல்போன் டவரும் வேண்டாம்.

ஒரு ஆப் நிஜ எஃப்எம்தானா என்று அறிய, மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் கேளுங்கள். பாட்டு நிற்காமல் ஓடினால் நிஜம். இந்தச் சோதனைக்கு ஏரோபிளேன் மோடைப் போடாதீர்கள். வைஃபை, புளூடூத், எஃப்எம் மூன்றும் பெரும்பாலும் ஒரே சிப்பில்தான் இருக்கும். அதனால் சில போன்களில் அந்த மோடு எஃப்எம்மையும் சேர்த்து நிறுத்திவிடும். நன்றாக இருக்கும் ரிசீவரை இல்லை என்று தப்பாக முடிவுகட்ட நேரும்.

மூன்றில் எது இல்லை?

போனில் எஃப்எம் பாட மூன்று சங்கதிகள் வேண்டும். அலையைப் பிரித்தெடுக்கும் சிப் முதலாவது. ஆன்டெனாவிலிருந்து அந்தச் சிப் வரை போனுக்குள் உள்ள சர்க்யூட் போர்டில் ஓடும் பாதை இரண்டாவது. சிப்போடு பேசும் மென்பொருள், அதாவது டிரைவரும் அதற்கு மேல் போன் நிறுவனத்தின் ரேடியோ ஆப்பும், மூன்றாவது. மூன்றாவது மட்டும் குறைந்தால் சரிசெய்ய வழியுண்டு. இரண்டாவது இல்லையென்றால் நடைமுறையில் வழியில்லை. முதலாவதே இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. எந்த ஆப்பும் இல்லாத சிப்பை உண்டாக்காது. ‘எல்லா போனிலும் எஃப்எம்’ என்று விளம்பரம் செய்யும் ஆப்புக்குப் பணம் கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

எஃப்எம்முக்கென்று தனிச் சிப் வைப்பது இப்போது அரிது. குவால்காம் நிறுவனத்தின் சிப் உள்ள போன்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் இருக்கும் டபிள்யூசிஎன்3950, டபிள்யூசிஎன்3990 போன்ற சிப்களிலேயே எஃப்எம்மும் உண்டு. மீடியாடெக் போன்களில் எம்டி6631, எம்டி6635 போன்றவை அதே வேலையைச் செய்கின்றன. ஆக, மலிவு விலையிலும் நடுத்தர விலையிலும் வரும் ஏராளமான ஆண்ட்ராய்டு போன்களில் முதல் சங்கதி ஏற்கெனவே இருக்கிறது. தயாரிப்பாளர் ஆன்டெனா பாதையைப் போட்டாரா, ஆப்பை வைத்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் தேட வேண்டாம். 2017-இல் அமெரிக்காவில் புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கியபோது, ஐபோன்களில் எஃப்எம்மைத் திறந்துவிடும்படி அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் தலைவர் அஜித் பாய் வெளிப்படையாகக் கேட்டார். ஐபோன் 7, ஐபோன் 8 மாடல்களில் எஃப்எம் சிப்பும் இல்லை, அதற்கான ஆன்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது. கூகுள் பிக்ஸல் போன்களிலும் எஃப்எம் கிடையாது.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் சாதகம். மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஏப்ரலில் போன் தயாரிப்பாளர்களின் சங்கங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. எஃப்எம் ரிசீவர் உள்ள போன்களில் அதை முடக்கி வைக்கக் கூடாது, பேரிடர் நேரத்தில் தகவல் போய்ச்சேர அது வேண்டும் என்பது அதன் சாரம். அறிவுரை என்பது கட்டளை அல்ல. அதனால் போன் வாங்கும்போது நாமே பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் போனில் இருக்கிறதா என்று பார்ப்பது

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பக்கத்தைத் திறந்து மாடல் எண்ணை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்ட விற்பனைப் பெயர் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு போர்டுகள் போகின்றன. ஒன்றில் எஃப்எம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கி வந்த போனுக்கு இந்திய விவரக் குறிப்பைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. மாடல் எண்ணோடு தேடி, விவரக் குறிப்பில் ‘ரேடியோ’ என்ற வரியைப் பாருங்கள்.

அடுத்தது, போனுக்குள்ளேயே இருக்கும் தொழிற்சாலைச் சோதனை மெனு. டயலரைத் திறந்து கீழே உள்ள எண்ணை அடித்தாலே போதும். கடைசிக் குறி விழுந்தவுடன் மெனு தானே திறக்கும். கால் பொத்தானை அழுத்த வேண்டாம்.

ஷாவ்மி, ரெட்மி, போகோ: *#*#6484#*#*
ரியல்மி, ஓப்போ: *#899#
மோட்டோரோலா: *#*#2486#*#*
மீடியாடெக் சிப் உள்ள பல போன்கள்: *#*#3646633#*#*

வரும் பட்டியலில் ‘எஃப்எம்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், ஒயர் இயர்போனைச் செருகிவிட்டு அந்தச் சோதனையை ஓடவிடுங்கள். இரைச்சலோ பாட்டோ கேட்டால் சிப், பாதை, டிரைவர் மூன்றும் சரி. குறை ஆப்பில் மட்டும்தான். புதிய பதிப்புகளில் பல நிறுவனங்கள் இந்த எண்களை அடைத்துவிட்டன. அடித்து ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து எஃப்எம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த மெனுக்களில் வேறு எதையும் தொட வேண்டாம். சில சோதனைகள் முடிந்ததும் போனைத் துடைத்துப் புதிது போலாக்கிவிடும். மீடியாடெக் மெனுவில் உள்ள நெட்வொர்க் பகுதியில் விளையாடினால் சிக்னலே போய்விடலாம்.

ஆப் எங்கே ஒளிந்திருக்கும்

ஷாவ்மி போன்களில் ரேடியோ ஆப் முகப்பில் இருக்காது. ‘டூல்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் கால்குலேட்டர், காம்பஸ் பக்கத்தில் கிடக்கும். சாம்சங்கின் எம், ஏ வரிசைப் போன்களில் எஃப்எம் உள்ளவற்றில் ‘ரேடியோ’ என்ற பெயரில் ஆப் பட்டியலிலேயே உண்டு. மோட்டோரோலா தன் எஃப்எம் ஆப்பைப் பிளே ஸ்டோரிலும் வைத்திருக்கிறது. அங்கே தேடும்போது ஆப்பின் பெயரை நம்பாதீர்கள். பெயருக்குக் கீழே வெளியிட்டவர் இடத்தில் மோட்டோரோலா மொபிலிட்டி என்று இருக்க வேண்டும். ஆதரவில்லாத போன் என்றால் நிறுவும் பொத்தானே வராது. அதுவும் ஒரு பதில்தான்.

ஆப் கண்ணில் படவில்லையென்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, சிஸ்டம் ஆப்களையும் காட்டச் சொல்லுங்கள். ரேடியோ அங்கே முடக்கப்பட்டதாக இருந்தால் ‘எனேபிள்’ செய்தால் வேலை முடிந்தது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தேவையில்லாத ஆப்களை நீக்கும் கருவியைக் கணினி வழியாக ஓட்டியவர்கள் கதை வேறு. அப்படி நீக்கும்போது ரேடியோவும் போயிருக்கும். ஆனால் அதன் கோப்பு சிஸ்டம் பகுதியில் அப்படியே இருக்கும், அந்தப் பயனருக்கு மட்டும் மறைந்திருக்கும். நீக்கிய கருவியிலேயே ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் வந்துவிடும். வேறு வழியில்லையென்றால் போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் வரும். அதற்கு முன் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு நிறுவனத்தின் ரேடியோ ஆப்பை எங்கிருந்தோ இறக்கி நிறுவிப் பார்ப்பது வீண் முயற்சி. அந்த ஆப் தன் நிறுவனத்தின் முத்திரையோடு சிஸ்டம் அனுமதி பெற்று, தனக்கான டிரைவர் நூலகத்தோடு சேர்ந்து இயங்குவது. அந்த மூன்றும் உங்கள் போனில் இருக்காது. நிறுவலே நடக்காது, நடந்தாலும் திறந்த நொடியில் மூடிக்கொள்ளும். கூடவே எவனோ மாற்றியமைத்த கோப்பாக இருக்கும் ஆபத்து வேறு.

ஒயர்தான் ஆன்டெனா

எஃப்எம் கேட்காததற்கு மென்பொருளைவிட ஒயர்தான் அதிகம் காரணம். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 சென்டிமீட்டர், நல்ல ஆன்டெனாவுக்கான நீளம். போனுக்குள் அதற்கு இடமில்லை. ஆகவே இயர்போன் ஒயரின் கிரவுண்டு கம்பியையே போன் ஆன்டெனாவாக எடுத்துக்கொள்கிறது. சாதாரண இயர்போன் ஒயர் 1.1, 1.2 மீட்டர் இருக்கும். அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்தால் பாதிச் சிக்னல் போய்விடும். தொங்கவிடுங்கள், அல்லது மேசைமேல் நீட்டிப் போடுங்கள். ஒயர் செருகாமலே எஃப்எம் கேட்க உள் ஆன்டெனா வைத்த போன்களும் உண்டு: ரெட்மி 8ஏ அதை விளம்பரப்படுத்தியே வந்தது. அவற்றிலும் ஒயர் செருகினால் சிக்னல் கூடும்.

புளூடூத் இயர்பட்ஸ் ஆன்டெனா ஆகாது. ஒயரையும் செருகி வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் புளூடூத்துக்கு அனுப்பச் சில ஆப்களில் வழியிருக்கும், பலவற்றில் இருக்காது. ஸ்பீக்கருக்கு மாற்றும் பொத்தான் மட்டும் ஏறக்குறைய எல்லா எஃப்எம் ஆப்பிலும் உண்டு.

காதில் மாட்டாமல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்பவர்கள் இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஆக்ஸ் கேபிளைச் செருகிவிடலாம். மறுமுனை சும்மா தொங்கட்டும். சாலிடரிங் தெரிந்தவர்கள் இன்னும் நேர்த்தியாகச் செய்யலாம். தேவையானவை: மூன்று பட்டை உள்ள 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் ஒன்று, 33 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு, வளையும் மெல்லிய ஒயர் 75 முதல் 85 சென்டிமீட்டர், சூடாக்கினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் கொஞ்சம். பின்னின் நுனியிலிருந்து அடிப்பட்டைக்கு ஒரு ரெசிஸ்டர், நடுப்பட்டையிலிருந்து அடிப்பட்டைக்கு இன்னொன்று. ஒயரை அடிப்பட்டையில் சாலிடர் செய்து, மறுமுனையை எதிலும் இணைக்காமல் விடுங்கள். ரெசிஸ்டர் எதற்கு என்றால், சில போன்கள் பின் நுழைந்ததும் எதிரே இயர்போன் அளவுக்கு லோடு இருக்கிறதா என்று அளந்து பார்க்கும். அந்த லோடு இல்லாவிட்டால் செருகியதாகவே ஏற்காது.

நான்கு பட்டைப் பின் வாங்கினால் கவனம். இப்போதைய போன்களின் வரிசையில் நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது கிரவுண்டு, கடைசி மைக். ஒயர் மூன்றாவதில் போக வேண்டும், ரெசிஸ்டர்களும் அதற்கே வர வேண்டும். கடைசிப் பட்டையில் போட்டால் ஆன்டெனா மைக் லைனில் தொங்கும். சிக்னல் வராது, சில போன்கள் மைக் பொத்தான் அழுத்தியதாக நினைத்துப் பாட்டை நிறுத்தியும் விடும். பழைய இயர்போன்கள் சிலவற்றில் மூன்றும் நான்கும் இடம் மாறியிருக்கும். இயர்போன் செருகியிருந்தும் ஒலி தொலைவில் எங்கோ கேட்பதுபோல் இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

செருகியும் ‘இயர்போனைச் செருகவும்’ என்றே ஆப் சொன்னால் முதலில் போன் உறையைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். தடித்த உறை பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்திவிடும். உள்ளே உள்ள சுவிட்ச் தொடாது. அப்படியும் இல்லையென்றால் ஜாக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடியில் கெட்டித்துக் கிடக்கும். போனை அணைத்து, மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுங்கள். ஊசியும் சேஃப்டி பின்னும் உள்ளே உள்ள தொடுமுனைகளை வளைத்துவிடும்.

டைப்-சி மட்டும் உள்ள போன்கள்

3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாத போனில் எஃப்எம் கேட்பது சிக்கல்தான், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. டைப்-சி வழியாகச் சத்தம் இரண்டு விதத்தில் வெளியே வரும். ஒரு விதத்தில் போனே ஒலியாக்கி அனலாகாக அனுப்புகிறது. அடாப்டர் வெறும் ஒயர்தான். இன்னொன்றில் போன் டிஜிட்டலாக அனுப்ப, அடாப்டருக்குள் இருக்கும் டாக் சிப் ஒலியாக்குகிறது. எஃப்எம் ஆன்டெனாவுக்கு வேண்டியது முதல் விதம். டாக் அடாப்டரில் பாட்டும் வீடியோவும் நன்றாகக் கேட்கும், எஃப்எம் ஆப் மட்டும் ‘இயர்போன் இல்லை’ என்று அடம்பிடிக்கும்.

கையில் உள்ள அடாப்டர் எந்த வகை என்று பார்க்க அதை டைப்-சி உள்ள லேப்டாப்பில் செருகுங்கள். புதிதாக ஓர் ஒலிச் சாதனம் பட்டியலில் வந்தால் அது டாக். எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் அனலாக் அடாப்டர். அந்த அனலாக் அடாப்டர் உங்கள் போனில் பாட்டே தராவிட்டால் போனில் அனலாக் வெளியீடே இல்லை என்று பொருள். அதோடு எஃப்எம் கனவையும் விட்டுவிடலாம்.

அலைவரிசை தேடும்போது சில நிலையங்கள் மட்டும் வராவிட்டால்

இது விசித்திரமாகத் தெரியும், காரணமோ எளிது. சென்னையில் ஸ்கேன் செய்கிறீர்கள். 91.1, 92.7, 93.5, 98.3 எல்லாம் விழுகின்றன. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 90.4, ஆல் இந்தியா ரேடியோவின் ரெயின்போ 101.4, ஹலோ எஃப்எம் 106.4 மூன்றும் இல்லை. விடுபட்ட எண்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: எல்லாம் இரட்டைப்படை. போன் அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. அங்கே நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டுமே வரும்; எனவே ரிசீவர் 101.3-இலிருந்து 101.5-க்குத் தாவிவிடுகிறது. இந்தியாவில் இடைவெளி 0.1. ஆப்பின் செட்டிங்ஸில் பகுதி அல்லது ரீஜன் என்ற இடத்தில் இந்தியா இருந்தால் அதையும், இல்லையென்றால் ஐரோப்பாவையும் தேர்ந்தெடுத்து மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். ஆப்பில் அந்த வசதி இல்லாவிட்டால் போனின் நாட்டு அமைப்பை மாற்றிப் பார்க்கலாம்.

அமெரிக்க அமைப்பில் இன்னொரு பக்கவிளைவும் உண்டு. ஒலிபரப்பும்போது உயர் சுருதிகளைக் கொஞ்சம் தூக்கி அனுப்பி, வாங்கும் இடத்தில் அதே அளவுக்குத் தாழ்த்துவார்கள். அந்த அளவு இங்கும் ஐரோப்பாவிலும் 50 மைக்ரோ செகண்டு; அமெரிக்காவில் 75. தப்பான அமைப்பில் கேட்டால் தாழ்த்துவது கூடிப்போய், ஜால்ராவும் சலங்கையும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிவிடும். ஜப்பானிலிருந்து வந்த போன் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே எஃப்எம் 76-இல் தொடங்கி 95-க்குள் முடிந்துவிடுவதால் 98.3-உம் அதற்கு மேலுள்ளவையும் டயலிலேயே இருக்காது.

ஸ்கேனில் விழாததால் நிலையம் இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். ஸ்கேன் ஒரு குறிப்பிட்ட வலுவுக்குக் கீழே உள்ள சிக்னலைத் தாண்டிப் போய்விடும். எண் தெரிந்தால் கையால் அந்த இடத்துக்கே போங்கள். கொடைக்கானல் எஃப்எம் 100.5 இப்படித்தான்: மலைமேல் இருப்பதால் திண்டுக்கல், தேனி, மதுரை வரை எட்டும், ஆனால் வீட்டுக்குள் ஸ்கேன் செய்தால் சிக்காமல் போகலாம். கையால் 100.5 வைத்து ஜன்னல் பக்கம் நகர்ந்தால் கிடைக்கும்.

பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 98.3 சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ஒரே எண். இரண்டு ஊருக்கு நடுவே ஒரு பாட்டு திடீரென அறுந்து வேறொரு பாட்டு வந்தால் போன் பழுதல்ல. எஃப்எம் ரிசீவர் இரண்டில் வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும்; வலு மாறியவுடன் நிலையமும் மாறும். ராமேசுவரம், வேதாரண்யம் கரையில் இலங்கைத் தமிழ் நிலையங்கள் தெளிவாக விழுவதையும் கண்டு குழம்ப வேண்டாம். கடல்மேல் தடையில்லை.

இரைச்சல்

ஸ்ஸ் என்ற சத்தம் பாட்டோடு கலந்து வந்தால் ஆப்பில் மோனோவுக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோவை அதே சுத்தத்தோடு கேட்க மோனோவைவிடச் சுமார் 20 டெசிபெல் கூடுதல் சிக்னல் வேண்டும். ஓரத்து ஊர்களில் மோனோ போட்டவுடன் இரைச்சல் சட்டென்று அடங்குவதை நீங்களே கேட்கலாம். பேச்சு நிகழ்ச்சிக்கு ஸ்டீரியோவால் ஒரு பயனும் இல்லை.

ங்ங் என்றோ கரகரவென்றோ வந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள். மலிவு சார்ஜர்களும் எல்இடி பல்பின் டிரைவர்களும் எஃப்எம் அலைவரிசையில் குப்பையைக் கொட்டுகின்றன, ஒயர் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. பவர் பேங்கும் விதிவிலக்கல்ல. ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட் கட்டடத்தின் நடு அறையைவிட ஜன்னலோரமும் மொட்டை மாடியும் மேல்.

எதுவுமே கேட்காமல் எண் மட்டும் ஓடினால் மீடியா வால்யூமைப் பாருங்கள். ரிங்டோன் வால்யூம் ஏறியிருப்பதால் பயனில்லை. ஆப் கேட்ட அனுமதிகளை மறுத்திருந்தாலும் சிலவற்றில் ஒலி வராது, அல்லது ஆப் மூடிக்கொள்ளும். அனுமதி கொடுத்து, ஆப்பின் டேட்டாவை அழித்து, மீண்டும் திறங்கள்.

ஜாக் மாற்றிய பிறகு எஃப்எம் போனால்

இதைப் பல சர்வீஸ் கடைகளிலேயே கவனிப்பதில்லை, அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜாக்கின் கிரவுண்டு தொடுமுனை போர்டின் கிரவுண்டோடு நேராக இணைந்திருக்காது. நடுவே கடுகளவு ஃபெரைட் பீட் அல்லது சின்னக் காயில் ஒன்று இருக்கும். காது ஒலியின் குறைந்த அதிர்வெண்ணுக்கு அது வெறும் கம்பி. 100 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுவர். அந்தச் சுவரால் தடுக்கப்பட்ட எஃப்எம் சிக்னல்தான் பக்கத்தில் உள்ள சிறிய கெபாசிட்டர் வழியாகத் திரும்பிச் சிப்புக்குப் போகிறது. இடது, வலது லைன்களிலும் இதே காரணத்துக்காகப் பீட் உண்டு.

ஜாக் மாற்றும்போது சூட்டில் அந்தப் பீட் பறந்துவிட்டால் இயர்போனில் சத்தம் வராது. பழுது பார்ப்பவர் அவசரத்தில் அந்த இடத்தில் ஒரு ஜம்பர் ஒயரைப் போட்டு இணைத்துவிடுவார். பாட்டு வந்துவிடும், வாடிக்கையாளரும் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குப் போய் எஃப்எம் போட்டால் இரைச்சல் மட்டும். ஆன்டெனா இப்போது நேராகக் கிரவுண்டில் நிற்கிறது. சிப்புக்குப் போக எதுவும் மிச்சமில்லை. ஆகவே ஜாக் வேலைக்குக் கொடுக்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே எஃப்எம் போட்டுக் காட்டுங்கள், வாங்கும்போதும் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால் ஸ்கெமாட்டிக், அதாவது போர்டின் சர்க்யூட் வரைபடம், பார்க்கத் தெரிந்தவரிடம் போய், ஜாக்கின் கிரவுண்டு லைனில் எஃப்எம் ஆன்டெனா என்று பிரியும் இடத்தைக் காட்டி, ஜம்பரை எடுத்துவிட்டு அதே மதிப்புள்ள பீட்டைப் போடச் சொல்லுங்கள். அதே மாடலின் செத்த போர்டிலிருந்து எடுத்துப் போடலாம்.

ரூட், கஸ்டம் ராம்

டிரைவர் இருந்து ஆப் இல்லாத போன்களில் ரூட் செய்து, அதாவது சிஸ்டம் பகுதியையே மாற்றும் உரிமையைப் பெற்று, தனி எஃப்எம் ஆப் போடலாம்; கஸ்டம் ராம் என்பது நிறுவனம் தந்ததற்குப் பதிலாக நாமே போட்டுக்கொள்ளும் ஆண்ட்ராய்டு, அவற்றில் ஒன்றான லீனியேஜ் ஓஎஸ் குவால்காம் போன்கள் பலவற்றுக்குத் தன் சொந்த எஃப்எம் ஆப்போடு வருகிறது. எல்லா போனுக்கும் பொதுவாகச் செய்த ஜிஎஸ்ஐ ராம்களில் எஃப்எம் பொதுவாக வேலை செய்யாது. வேறு மென்பொருளை ஏற்கும்படி பூட்லோடரைத் திறந்தவுடன் போனில் உள்ள எல்லாம் அழியும், வாரண்டி போகலாம், வங்கி ஆப்களும் யூபிஐயும் முரண்டு பிடிக்கும். எஃப்எம்முக்காக மட்டும் இதைச் செய்வது எங்கள் கணக்கில் நட்டம். வேறு காரணத்துக்காக ராம் மாற்றுகிறவர்கள் எஃப்எம் உள்ள ராமாகப் பார்த்து எடுக்கலாம். மாற்றும் முன், பழைய மென்பொருளில் சோதனை மெனு வழியாக எஃப்எம் இயங்கியதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கே இயங்காதது இங்கே இயங்குவது அபூர்வம்.

புயல் காலத்துக்கு

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபின் டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. டவருக்கு மின்சாரம் போனால் போனில் டேட்டாவும் போகும், இணைய ரேடியோ ஆப்பும் போகும். எஃப்எம் ரிசீவர் மட்டும் தொடர்ந்து பாடும். கடலோரத்தில் இருப்பவர்கள் அக்டோபருக்கு முன்பே நான்கு காரியம் செய்து வைக்கலாம். உள்ளூர் ஆல் இந்தியா ரேடியோ நிலையத்தின் எண்ணை ஆப்பில் சேமித்து வையுங்கள்: காரைக்கால் 100.3, நாகர்கோவில் 101. ஒயர் இயர்போன் ஒன்றை மின்விளக்கு, மெழுகுவத்தியோடு சேர்த்து வையுங்கள். புளூடூத்துக்கு மாறிய வீடுகளில் அவசரத்துக்கு அது கிடைப்பதில்லை. ஏரோபிளேன் மோடில் உங்கள் போனில் எஃப்எம் ஓடுகிறதா என்று சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஓடினால் சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீர்வதைத் தவிர்க்கலாம். திரையை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் அல்லாமல் இயர்போனிலேயே கேளுங்கள்.

எஃப்எம்மே இல்லாத போன் வைத்திருந்து, ரேடியோ அவசியம் என்றால், பென்சில் பேட்டரியில் ஓடும் கையடக்க ரேடியோ வாங்குவதே நேர்வழி. அதில் மீடியம் வேவும் கிடைக்கும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் போன்றவற்றை எந்தப் போன் எஃப்எம் சிப்பும் பிடிக்காது. வயர்லெஸ் எஃப்எம் உள்ள நோக்கியா 105 போன்ற பட்டன் போனும் நல்ல தேர்வு, ஒயரே வேண்டாம். கருவிகளில் ஆர்வமுள்ளவர்கள் பென் டிரைவ் போன்ற ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றை ஓடிஜி கேபிளில் போனோடு இணைத்து, அதன் டிரைவர் ஆப்பையும் எஸ்டிஆர் டச் போன்ற ஆப்பையும் நிறுவினால் எஃப்எம் அலைவரிசையின் ஒரு பகுதியைத் திரையில் படமாகவே பார்க்கலாம். டாங்கிள் சுமார் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும், தொட்டால் சுடும். புயல் நாளில் பேட்டரியைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது ஆகாது.